பார்கின்சன் மாத்திரைச் செலவு: பில்லில் எந்த வரியைக் குறைக்கலாம், எதில் கை வைக்கக் கூடாது

பார்கின்சன் நோய்க்கு மாதம் ஏழாயிரம் ரூபாய் மருந்துச் செலவு ஆவது இயல்பா, குறைக்க வழி இருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். அப்பாவுக்கு 69 வயது. நோய் தெரிந்து ஐந்து வருடம். மருந்துச் சீட்டில் லெவோடோபா–கார்பிடோபா 100/25 நாலு வேளை, ஒவ்வொன்றோடும் என்டகபோன் 200, பிராமிபெக்ஸால் ஈ.ஆர். (மருந்தை மெதுவாக விடும் வகை) 1.5, ரசாஜிலின் 1, தலைச்சுற்றலுக்கு ஸ்டெமெட்டில், கேஸுக்கு ரபிப்ரசோலும் லெவோசல்பிரைடும் சேர்ந்த கேப்ஸ்யூல், கோஎன்சைம் கியூ10, போதாததற்குப் புரோட்டீன் பவுடர். சில மாதம் 100/25க்குப் பதிலாக, விலை குறைவு என்று ‘110’ என்ற எண் போட்ட மாத்திரையை வாங்கிவிடுவதாகவும், காசை நினைத்து அப்பா ஒரு வேளையை விட்டுவிடுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இந்தச் சீட்டில் அப்பாவை எழுந்து நடக்க வைப்பது எது, பில்லை மட்டும் ஏற்றுவது எது என்பதைத்தான் நீங்கள் உண்மையில் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். மருந்தியல் படித்து, நரம்பியல் நோயாளிகளின் சீட்டுகளைச் சரிபார்க்கும் வேலையில் இருப்பவன் நான். அவரைப் பரிசோதிக்காமல் அளவை மாற்றச் சொல்லும் உரிமை எனக்கு இல்லை. அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது எதைக் கேட்க வேண்டும் என்பதைச் சொல்ல முடியும்.

முதலில் உறுதியான விஷயம். இந்த நோய்க்கு மிக நன்றாக வேலை செய்யும் மருந்து லெவோடோபாதான், உங்கள் சீட்டில் விலை குறைந்தவற்றில் ஒன்றும் அதுதான். 1960களிலேயே பயன் நிரூபிக்கப்பட்ட மருந்து அது. கார்பிடோபாவோடு சேர்ந்த மாத்திரை 1975 முதல் சந்தையில் இருக்கிறது. காப்புரிமையெல்லாம் எப்போதோ முடிந்துவிட்டது. இந்தியாவில் இது தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் இருக்கிறது. 2022 பட்டியலில் பார்கின்சனுக்கென்று இருப்பவை லெவோடோபா–கார்பிடோபாவும் டிரைஹெக்சிபெனிடிலும்தான். பட்டியலில் இருக்கும் மருந்துக்கு, குறிப்பிட்ட அளவுகளில், தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் உச்ச விலை வைக்கிறது. சந்தையில் 1 சதவீதமாவது பங்குள்ள பிராண்டுகளின் விலைகளைக் கூட்டிச் சராசரி எடுத்து, அதன்மேல் கடைக்காரருக்கு 16 சதவீதம் சேர்ப்பார்கள். ஒவ்வொரு ஏப்ரலிலும் மொத்த விலைக் குறியீட்டுக்கு ஏற்ப இந்த உச்ச விலை மாறும். 2023இல் 12.12 சதவீதம் வரை ஏற்ற அனுமதித்தார்கள், 2024இல் ஏற்றம் கிட்டத்தட்ட இல்லை. என்டகபோன், பிராமிபெக்ஸால், ரசாஜிலின் எல்லாம் அந்தப் பட்டியலுக்கு வெளியே. அவற்றின் தொடக்க விலையை நிறுவனமே வைத்துக்கொள்ளலாம், பிறகு 12 மாதத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது என்பது மட்டுமே கட்டுப்பாடு. உங்கள் பில்லில் ஒரு வரி சின்னதாகவும் இன்னொன்று பெரிதாகவும் இருப்பதற்கு இது ஒரு பெரிய காரணம். ஆணையத்தின் ‘பார்மா சஹி தாம்’ செயலியில் மருந்தின் பெயரைப் போட்டால் உச்ச விலையும் மற்ற பிராண்டுகளின் விலையும் வரும்.

அடுத்து அந்த 110. சின்டோபா போன்ற பிராண்டுகளில் பெயரோடு வரும் எண் இரண்டு மருந்துகளின் கூட்டுத்தொகை. 110 என்றால் லெவோடோபா 100, கார்பிடோபா 10. 275 என்றால் 250, 25. உங்கள் சீட்டில் இருக்கும் 100/25 சில பிராண்டுகளில் ‘பிளஸ்’ என்ற பெயரிலும் சிலவற்றில் 125 என்றும் வரும். 110இலும் லெவோடோபா அதே 100தானே என்று தோன்றும். பார்கின்சனில் மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருள் குறைகிறது; லெவோடோபா மூளைக்குப் போய் அதுவாக மாறுகிறது. ஆனால் கார்பிடோபாவின் வேலை, லெவோடோபா மூளைக்குப் போகும் முன்பே குடலிலும் ரத்தத்திலும் டோபமைனாக மாறி வீணாவதைத் தடுப்பது. அதற்கு நாளொன்றுக்கு 70 முதல் 100 மி.கி. வரை கார்பிடோபா தேவை. 100/25 நாலு வேளை என்றால் 100 மி.கி. கிடைக்கிறது. 110 நாலு வேளை என்றால் வெறும் 40. அப்போது குமட்டல் வரும், ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும், மாத்திரையின் பலனும் குறையும். பிறகு குமட்டலுக்கு ஒன்று, தலைச்சுற்றலுக்கு ஒன்று என்று மாத்திரைகள் சேரும். மாத்திரைக்குச் சில காசு மிச்சம் பிடிக்கப் போய் பில் ஏறுவது இப்படித்தான். கடையில் வாங்கும்போது பிராண்ட் பெயரைப் பார்ப்பது போதாது. அட்டையின் பின்பக்கம் சின்ன எழுத்தில் இருக்கும் இரண்டு எண்களும் சீட்டோடு ஒத்துப்போகிறதா, பக்கத்தில் சி.ஆர். என்று இருக்கிறதா என்று பாருங்கள். சி.ஆர். மெதுவாகக் கரையும் வகை. அதிலிருந்து உடலுக்குக் கிடைப்பது சாதா மாத்திரையில் ஏறத்தாழ 70 சதவீதம்தான், கடிக்கவோ பொடிக்கவோ கூடாது. ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைக் கடைக்காரர் கொடுத்தால் வாங்காதீர்கள்.

வாங்கிய லெவோடோபா முழுதாக வேலை செய்கிறதா என்பதும் செலவுக் கணக்குதான். புரதம் செரித்து வரும் அமினோ அமிலங்களும் லெவோடோபாவும் குடலிலிருந்து ரத்தத்துக்கும், ரத்தத்திலிருந்து மூளைக்கும் போவதற்கு ஒரே கடத்தியைத்தான் பயன்படுத்துகின்றன. பால், முட்டை, மீன், கெட்டிப் பருப்போடு சேர்த்து மாத்திரை போட்டால் லெவோடோபா பின்தங்கிவிடும். சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால், அல்லது சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து, ஒரு டம்ளர் தண்ணீரோடு போட வேண்டும். காலையில் புரோட்டீன் பவுடரைப் பாலில் கலக்கி அதிலேயே மாத்திரையும் கொடுக்கிற பழக்கம் நிறைய வீடுகளில் இருக்கிறது. டப்பாவுக்குப் பணம் கொடுத்து மாத்திரையின் பலனைக் குறைத்துக்கொள்கிறோம் அதில். அப்பா எடை குறையாமல் ஓரளவு சாப்பிடுகிறார் என்றால் அந்தப் பவுடர் தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். தேவை என்றால் இரவுக்குத் தள்ளுங்கள். அதற்காகப் புரதத்தையே நிறுத்திவிடாதீர்கள், தசை கரையும். இரும்புச்சத்து மாத்திரை இருந்தால் அதற்கும் இதற்கும் இரண்டு மணி நேரம் இடைவெளி வேண்டும். ‘மாத்திரை வேலை செய்யவில்லை’ என்று அளவைக் கூட்டுவதற்கு முன் நேரத்தைச் சரிசெய்து இரண்டு வாரம் பார்ப்பதற்குக் காசு செலவில்லை.

பில்லை ஏற்றும் வரிகளுக்கு வருவோம். என்டகபோன் தனியாக எதுவும் செய்யாது. லெவோடோபாவின் ஆயுளை நீட்டுவதுதான் அதன் வேலை, அதனால் ஒவ்வொரு வேளையும் போட வேண்டும். ஒரு மாத்திரை 20 ரூபாய் என்று வைத்தால்கூட நாலு வேளைக்கு மாதம் 2,400. அடுத்த வேளை மாத்திரைக்கு முன்பே நடை இறுகுகிறது, கை நடுங்குகிறது என்றால் அது மதிப்புள்ள மருந்து. அப்படி ஓர் இறக்கமே இல்லாதவருக்கு அதனால் பெரிய லாபம் கிடையாது. ஆரம்பத்திலேயே என்டகபோனைச் சேர்த்துப் பார்த்த ஸ்டிரைட்–பிடி ஆய்வில் கட்டுப்பாடில்லாத உடல் அசைவுகள் சீக்கிரமே வந்தன. ஆகவே மூன்று நாள் ஒரு நோட்டில், விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கொரு முறை எழுதுங்கள்: நன்றாக நடக்கிறார், இறுக்கம், தன்னிச்சையான அசைவு, தூக்கம் என்று ஒரு சொல் போதும். மாத்திரை போட்ட நேரத்தையும் சாப்பிட்ட நேரத்தையும் குறியுங்கள். என்டகபோன் நாலு வேளையும் வேண்டுமா, லெவோடோபா இடைவெளியைக் குறைத்தே சமாளிக்கலாமா என்பதை மருத்துவர் தீர்மானிக்க அந்த நோட்டு பெரிய உதவி.

பிராமிபெக்ஸால் ஈ.ஆர். ஒரு நாளைக்கு ஒன்று. சாதா வகையில் 0.5 மி.கி. மூன்று வேளை போட்டால் மொத்தம் அதே 1.5 மி.கி.; பொதுவாக அது விலை குறைவு. எப்படியும் நாலு வேளை மாத்திரை போடுகிறவருக்கு இதை மூன்று வேளையாகப் பிரிப்பது பெரிய சுமை இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. கேட்டுப் பாருங்கள். ஆராய்ச்சியாளர்கள் இந்த மருந்துகளை ஒப்பிட ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: பிராமிபெக்ஸால் 1 மி.கி. ஏறத்தாழ 100 மி.கி. லெவோடோபாவுக்கு நிகர், ரசாஜிலின் 1 மி.கி.யும் அதே அளவு. அப்படிப் பார்த்தால் அப்பாவின் பிராமிபெக்ஸால் முழுவதும் ஒன்றரை லெவோடோபா மாத்திரைக்குச் சமம். இதை வைத்து வீட்டில் மாற்றிவிட முடியாது. மருந்துகள் வேலை செய்யும் விதமும் நேரமும் வேறு, பிராமிபெக்ஸாலைத் திடீரென நிறுத்தினால் பதற்றம், வலி, மனச்சோர்வு வரும். ஆனாலும் எழுபதை நெருங்கும் ஒருவருக்கு லெவோடோபாவைக் கொஞ்சம் கூட்டி இதைப் படிப்படியாகக் குறைக்க முடியுமா என்பது நியாயமான கேள்வி. பணத்தைத் தாண்டியும் காரணம் இருக்கிறது. பிராமிபெக்ஸால், ரோபினிரோல் வகை மருந்துகள் வயதானவர்களுக்குப் பகல் தூக்கம், கால் வீக்கம், இல்லாத ஆட்கள் தெரிவது போன்றவற்றைக் கொண்டுவரலாம். சிலருக்கு அடக்க முடியாத ஆசைகள் கிளம்பும்: லாட்டரி, ஆன்லைன் ரம்மி, தேவையில்லாத பொருள்களை வாங்கிக் குவிப்பது. ஒரு வருட மாத்திரைச் செலவைவிட அதிகம் ஒரே வாரத்தில் அதில் போய்விடலாம். அப்பாவின் குணம் கெட்டுவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள், அது மருந்தின் விளைவு. வெட்கப்படாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

‘லெவோடோபா ஐந்து வருடம்தான் வேலை செய்யும், அதைச் சேமித்து வைக்க வேண்டும்’ என்ற பேச்சு உங்கள் காதிலும் விழுந்திருக்கலாம். விலை கூடிய மருந்துகள் முதலில் சீட்டில் ஏறுவதற்கு அந்தப் பயம் ஒரு காரணமாக இருந்திருக்கிறது. கானாவில் மருந்து கிடைக்காமல் பல வருடம் தாமதமாக லெவோடோபா தொடங்கியவர்களை இத்தாலி நோயாளிகளோடு ஒப்பிட்ட ஆய்வு 2014இல் வந்தது. மாத்திரையின் பலன் ஏறி இறங்குவதும் உடல் தானாக அசைவதும் எத்தனை வருடம் லெவோடோபா போட்டார்கள் என்பதைப் பொறுத்து அமையவில்லை. நோய் எத்தனை வருடமாக இருக்கிறது, ஒரு நாளைய அளவு எவ்வளவு என்பதைப் பொறுத்தே அமைந்தது. அதே 2014இல் பிரிட்டனின் பிடி–மெட் ஆய்வு, லெவோடோபாவில் தொடங்கியவர்களின் நடமாட்டம் மற்ற மருந்துகளில் தொடங்கியவர்களைவிடச் சற்றே நன்றாக இருப்பதாகக் காட்டியது. வயது குறைந்தவர்களில் எதை முதலில் தருவது என்பதில் இன்றும் மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. 69 வயதில் அந்த விவாதத்துக்குப் பெரிய இடமில்லை.

எனக்கு மிகவும் கவலை தரும் இரண்டு வரிகள் ஸ்டெமெட்டிலும் அந்த கேஸ் கேப்ஸ்யூலும். ஸ்டெமெட்டில் என்பது புரோகுளோர்பெரசின். கேஸ் கேப்ஸ்யூலில் இருக்கும் லெவோசல்பிரைடும் அதுவும் டோபமைன் ஏற்பிகளை, அதாவது டோபமைன் ஒட்டி வேலை செய்யும் இடங்களை, அடைப்பவை. டோபமைன் பற்றாக்குறைக்கு ஒரு கையால் மருந்து கொடுத்து மறுகையால் அதையே தடுக்கிறோம். பார்கின்சன் இல்லாதவருக்கே நடுக்கமும் இறுக்கமும் வரவைக்கும் மருந்துகள் இவை. வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோபிரமைடு, தலைச்சுற்றலுக்குக் கொடுக்கும் சின்னாரிசின், ஃபுளூனாரிசின் ஆகியவையும் இதே கூட்டம். பெரும்பாலும் வேறு வேறு மருத்துவர்கள் வேறு வேறு நேரத்தில் எழுதி, யாரும் நிறுத்தாமலே தொடர்வதுதான் நடக்கிறது. இந்த இரண்டையும் பற்றி அடுத்த முறை வரை காத்திருக்காமல் இந்த வாரமே நரம்பியல் மருத்துவரிடம் கேளுங்கள். வாந்திக்கு டோம்பெரிடோனும், காதிலிருந்து வரும் தலைச்சுற்றலுக்கு பீட்டாஹிஸ்டினும் வழக்கமான மாற்றுகள். டோம்பெரிடோனுக்கு முன் இதயத் துடிப்பில் கோளாறு இல்லையா என்று பார்க்க வேண்டும். இந்த நோயில் தலைச்சுற்றல் பல நேரம் எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தம் இறங்குவதால் வருவது. ஐந்து நிமிடம் படுக்க வைத்து ஒரு முறை, எழுந்து நின்று மூன்றாவது நிமிடம் ஒரு முறை அளந்து பாருங்கள். மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் சிக்கல் அங்கே இருக்கிறது. அப்போது ஏற்கெனவே போடும் பி.பி. மாத்திரையைக் குறைப்பதே சிகிச்சையாகிவிடலாம்.

கோஎன்சைம் கியூ10 பற்றிச் சந்தேகத்துக்கு இடமில்லை. 600 பேரிடம் நாளொன்றுக்கு 1,200, 2,400 மி.கி. வரை கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வில் பலன் இல்லை என்று தெரிந்து பாதியில் நிறுத்தினார்கள். முடிவு 2014இல் வெளியானது. கேப்ஸ்யூலில் இருக்கும் 100, 200 மி.கி. என்ன செய்துவிடும்? அந்த வரியை மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எடுத்துவிடலாம். பி12 வேறு விஷயம். லெவோடோபா பல வருடம் எடுப்பவர்களில் சிலருக்கு அது குறையும், எனவே ரத்தத்தில் அளந்து, குறைவாக இருந்தால் மட்டும் போடலாம்.

எங்கே வாங்குவது? தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் நரம்பியல் ஓ.பி. உண்டு, சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் நரம்பியலுக்கென்றே தனி நிறுவனம் இருக்கிறது. லெவோடோபா–கார்பிடோபாவை அங்கே இலவசமாக வாங்கிக்கொண்டு, அங்கே இல்லாததை மட்டும் வெளியே வாங்குவது பல குடும்பங்களுக்குக் கட்டுப்படியாகும் வழி. ஆனால் அந்த மாதம் இருப்பில் உள்ள அளவு வேறாக இருக்கலாம், கொடுக்கும் இடத்திலேயே இரண்டு எண்களையும் பார்த்துக்கொள்ளுங்கள். மக்கள் மருந்தகங்கள் எனப்படும் ஜன் ஔஷதி கடைகளிலும், 2025 பிப்ரவரி 24 அன்று ஆயிரம் கடைகளோடு தொடங்கிய முதல்வர் மருந்தகங்களிலும் ஜெனரிக் (பிராண்ட் பெயர் இல்லாமல் மருந்தின் பெயரிலேயே விற்கும் மாத்திரை) விலை கணிசமாகக் குறைவு. போகும் முன் போன் செய்து இருப்பைக் கேளுங்கள். ஜெனரிக் சரியாக வேலை செய்யுமா என்றால், அதே மருந்து, அதே அளவு. பெரும்பாலானவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. நோய் முற்றிய நிலையில், மணிக்கணக்கு பார்த்து மாத்திரை போடுகிற சிலர் வித்தியாசத்தை உணர்வதாகச் சொல்கிறார்கள். அதை அலட்சியம் செய்யக் கூடாது. ஒரு நேரத்தில் ஒரு மருந்தை மட்டும் மாற்றி, இரண்டு வாரம் அந்த நோட்டில் எழுதிப் பார்த்துவிட்டு அடுத்ததை மாற்றுங்கள். பிறகு மாதாமாதம் பிராண்டை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டாம். தனியார் கடையில் 20 சதவீதத் தள்ளுபடி என்ற பலகையைவிட, ஒரு மாத்திரை என்ன விலை ஆகிறது என்று வகுத்துப் பார்ப்பது உதவும், ஏனென்றால் ஒரு பிராண்டின் அட்டையில் 10, இன்னொன்றில் 15 இருக்கும். 2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான மருந்துகளுக்கு ஜி.எஸ்.டி. 12இலிருந்து 5 சதவீதமாகிவிட்டது. பில்லில் அது சரியாக வந்திருக்கிறதா என்றும் பாருங்கள். புதிதாக அளவு மாற்றிய மருந்தை 15 நாளுக்கு மட்டும் வாங்குங்கள், ஒத்துக்கொள்ளாவிட்டால் வீணாகாது.

அப்பா ஒரு வேளையை விடுவதைத் தயவுசெய்து இன்றே நிறுத்துங்கள். அந்த ஒரு வேளையில் மிச்சமாவது சில ரூபாய். இறுகிய காலோடு கழிவறைக்குப் போய் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால் அறுவை சிகிச்சைக்குப் போவது லட்சக்கணக்கு. லெவோடோபாவை ஒரேயடியாக நிறுத்தினால் கடும் காய்ச்சல், உடல் விறைப்பு, நினைவு தடுமாறல் என்று உயிருக்கே ஆபத்தான நிலை வரலாம். வீட்டில் எப்போதும் இரண்டு வார மாத்திரை கூடுதலாக இருக்கட்டும், வேறு நோய்க்காக மருத்துவமனையில் சேர்த்தாலும் கையோடு கொண்டுபோங்கள். மலிவு என்று பூனைக்காலி விதைப் பொடியை யாராவது சொல்வார்கள். அதில் லெவோடோபா இருப்பது உண்மை. ஆனால் ஒரு ஸ்பூனில் எவ்வளவு என்பது பொடிக்குப் பொடி மாறும், கார்பிடோபாவும் அதில் இல்லை. மாத்திரையோடு சேர்த்துச் சொல்லாமல் கொடுத்தால் மருத்துவர் போடும் கணக்கெல்லாம் தவறிவிடும். விலை மிகக் குறைந்த டிரைஹெக்சிபெனிடிலும் (பாசிட்டேன்) இந்த வயதில் சிக்கனமான மாற்று ஆகாது. மறதி, குழப்பம், சிறுநீர் அடைப்பு, மலச்சிக்கல் எல்லாம் அதனால் வரும்.

கடைசியாகத் திரும்பக் கிடைக்கும் பணம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் அடிப்படையில் மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கானது, மாதாந்தர மாத்திரைக்கு உதவாது. சாதாரணத் தனியார் பாலிசிகளும் அப்படியே. குடும்பத்தில் யாருக்காவது இ.எஸ்.ஐ., சி.ஜி.எச்.எஸ். (மத்திய அரசு ஊழியர்களுக்கான சுகாதாரத் திட்டம்) அல்லது முன்னாள் ராணுவத்தினருக்கான திட்டம் இருந்து அப்பா அதில் சேர்ந்திருந்தால் மாத்திரையே கிடைக்கும். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் பார்கின்சனும் ஒன்று. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் வழியாக யுடிஐடி எனப்படும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். தமிழக அரசின் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகையில் பார்கின்சனும் சேர்க்கப்பட்டிருக்கிறது, தகுதி விவரங்களை அங்கேயே கேட்கலாம். வருமான வரியில் பழைய முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு 80டிடிபி பிரிவு உண்டு. அப்பா உங்களைச் சார்ந்திருந்தால் செலவு செய்த தொகைக்கு, மூத்த குடிமகன் என்பதால் 1,00,000 ரூபாய் வரை கழிவு கேட்கலாம். ஊனத்தின் அளவு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்ற சான்றும், நரம்பியலில் டி.எம். அல்லது அதற்கு நிகரான பட்டம் பெற்றவரின் சீட்டும் வேண்டும். சீட்டில் நோயாளியின் பெயர், வயது, நோயின் பெயர், மருத்துவரின் பெயர், முகவரி, பதிவு எண், தகுதி அத்தனையும் இருக்க வேண்டும். 2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் மாறுகின்றன, ஆடிட்டரிடம் புதிய எண்ணைக் கேட்டுக்கொள்ளுங்கள். மருந்து பில்லை எப்போதும் அப்பாவின் பெயரில் போடச் சொல்லி மாத வாரியாகக் கோத்து வையுங்கள். தெர்மல் தாள் பில்கள் ஆறு மாதத்தில் வெளுத்துவிடும் என்பதால் வாங்கிய அன்றே போனில் படம் எடுத்துவிடுங்கள்.